ரேஷன் கார்டில் இருபத்தேழு பிள்ளைகள்

"இருபத்தேழு பிள்ளைகளா! ஓய் மாசிலாமணி, இதைப் பார்த்துட்டு எங்க புது ஆபீசர் நாற்காலியை விட்டே எழுந்துட்டார்!"

ராமசுப்ரமணியன் ரேஷன் கார்டை மேஜைமேல் போட்டார். ரேஷன் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. அந்தப் பிரிவுக்கு மாற்றலாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் நேராக இங்கே வந்திருந்தார். டில்லி கரோல் பாக்கில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த வீடு. வாசலில் சிலுவை வரைந்த பலகை. உள்ளே, மாசிலாமணி எடுத்து வளர்க்கும் ஆதரவற்ற பிள்ளைகளின் கூச்சல்.

"உங்களுக்கு முன்னால இருந்தவர் எழுதிக் கொடுத்தது சார்" என்றார் மாசிலாமணி. "இல்லத்துக்குத் தனி கார்டு கேட்டேன். ரிஜிஸ்ட்ரேஷன் ஆகணும்னாங்க. அது வர்ற வரைக்கும் பிள்ளைங்க வயிறு காத்திருக்குமா? எல்லாத்துக்கும் அப்பா நான்தான்னு எழுதிட்டார்."

"அந்தப் புண்ணியவான் எழுதிட்டு ரிட்டயரும் ஆயிட்டார். மாட்டிண்டது நான். இதுல அப்பா பேர் இருக்கு, அம்மா பேரே இல்லை, பாரும்!"

"அதை இனிமேதான் சேர்க்கணும்" என்று சிரித்தார் மாசிலாமணி.

"சிரிக்காதேயும். இது எமர்ஜென்சி. மூணு குழந்தைக்கு மேல இருந்தா அப்பன் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிண்ட சர்டிபிகேட் காட்டணும்னு ஆபீசர் குதிக்கிறார். இல்லேன்னா நாளையிலேர்ந்து கார்டு ரத்து. கோதுமை, சீனி, மண்ணெண்ணெய், எல்லாம் கட்."

"நேர்ல வந்து உண்மையைச் சொல்லிடவா?"

"சொன்னா போலிக் கார்டுன்னு கேஸ் போடுவா. நீர் உள்ளே போவீர். குழந்தைகளைப் பிரிச்சு ஆளுக்கொரு ஊர் சர்க்கார் விடுதிக்கு அனுப்பிடுவா. தேவையா?"

மாசிலாமணியின் சிரிப்பு நின்றது.

ராமசுப்ரமணியன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "புசா ரோடு பக்கம் முகாம் போட்டிருக்கா. அரை மணி வேலை. ஒரு டின் நெய் தருவா. நானும் இந்த மாசம் ஆபரேஷனுக்கு ஒரு கேஸ் பிடிச்சுண்டு போகலேன்னா எனக்குச் சம்பளம் கிடையாது. உமக்கு என்ன நஷ்டம், சொல்லும்?"

"எத்தனை கிலோ டின்?"

"மளிகைக் கடையில கேக்கற மாதிரி கேக்கறீரே! அது சரி, இந்தக் கூட்டத்துல உம்ம சொந்தக் குழந்தைகள் யாரு?"

"எல்லாமே எங்க பிள்ளைங்கதான் சார்."

"பிரசங்கம் பண்ணாதேயும்!"

அப்போது ஒரு சிறுமி கதவருகே வந்து கத்தினாள். "அப்பா, ஆட்டா கதம்! மாவு தீர்ந்துடுச்சு! அம்மா உங்களைக் கூப்பிடறாங்க. ஜல்தி!"

மாசிலாமணி எழுந்து சமையலறைக்குப் போனார். அவருடைய மனைவி எப்சிபா தரையில் உட்கார்ந்து சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வட்டமாக வரவில்லை. "அம்மா இன்னைக்கு இலங்கை போட்டிருக்காங்க!" என்று தட்டோடு நின்ற பிள்ளைகள் கும்மாளமிட்டன.

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதாம்ல. ஓடுங்க!" என்று அவற்றை விரட்டிவிட்டுக் கணவரை நிமிர்ந்து பார்த்தாள். "பேசினது எல்லாம் கேட்டுச்சு. வேற வழி இருக்கா?"

"யோசிச்சுப் பார்த்துட்டேன். இல்லை."

அவள் கையிலிருந்த உருண்டையைத் தேய்த்து முடித்தாள். அதைக் கல்லில் போட்டாள். திருப்பியும் போட்டாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப போயிட்டு வாங்க. இருபத்தேழு தலையை வாரி முடிக்கதுக்குள்ள எனக்குக் கை ஓஞ்சு போவுது. இன்னொரு தலையும் வந்தா யாரு வாருவா?"

"விளையாட்டு இல்ல, எப்சிபா. பண்ணினா பண்ணினதுதான். பிறகு மாத்த முடியாது."

"நான் விளையாட்டுக்கா சொல்லுதேன்? இது என்ன வீடுன்னு தெரிஞ்சுதான வந்தேன்? இதுகளை ஆளுக்கொரு திக்காப் பிரிச்சு அனுப்பிட்டு, நீங்களும் நானும் யாரை மடியில வச்சுக் கொஞ்சுறது?"

அவள் மாவுக் கையோடு எழுந்து, அவர் கழுத்தில் தொங்கிய மப்ளரை நன்றாகச் சுற்றிவிட்டாள்.

"குளிருது, ஸ்கூட்டர்ல பார்த்துப் போங்க. டின் நசுங்கி இருந்தா வாங்கிட்டு வந்துராதீங்க. வேற கேளுங்க. கிறிஸ்மஸுக்குப் பிள்ளைங்களுக்குக் கேசரி கிண்டணும்."

மாசிலாமணி வெளியே வந்தார். "கிளம்பலாம் சார்" என்றார். அவர் குரலில் பிசிறே இல்லை.

"அட, இவ்வளவு சீக்கிரமாவா! ஆத்துல சண்டை வரும்னு பயந்துண்டு உக்காந்திருந்தேன்" என்று ஸ்கூட்டரை உதைத்தார் ராமசுப்ரமணியன்.

முகாமில் ஷாமியானாவுக்குக் கீழே நீண்ட வரிசை. பலர் முகத்தில் கலவரம். மாசிலாமணி மட்டும் அடுக்கி வைத்திருந்த நெய் டின்களில் நசுங்காதது எது என்று நோட்டம் விட்டபடி நின்றார்.

அவர் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் இந்தியில் கேட்டு எழுதத் தொடங்கினார்.

"குழந்தைகள்?"

"இருபத்தேழு."

வரிசை முழுவதும் வெடித்துச் சிரித்தது. "சபாஷ், பாய் சாஹப்! இனியாவது அந்த அம்மாளுக்கு ஓய்வு கொடுங்கள்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். ராமசுப்ரமணியனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாசிலாமணியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?" எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார்.

"வருஷமெல்லாம் ஆகலை" என்றார் மாசிலாமணி. "போன மாசம்தான் ஆச்சு."