எத்தனை விரல்?

“நாள் முழுக்க ஊசிக்கு நூல் கோக்குறவகிட்ட வந்து எத்தனை விரல்னு கேக்குறீங்களே, டாக்டர்! ரெண்டு. ஒரு விரல்ல பேனா மை வேற ஒட்டியிருக்கு.”

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தபடி விரலைத் துடைத்துக்கொண்டாள். மேசையில் படுத்திருந்த தையல்காரி வாய் ஓயாதவள். வார்டில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர்.

அவள் தலைக்குள் ஒரு கட்டி. நாளை அறுவை சிகிச்சை. அதற்கு முன் கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயைப் பசை செலுத்தி அடைத்துவிட்டால் ரத்தப்போக்கு குறையும். அதற்காகத் தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, தலை வரைக்கும் கொண்டுபோயிருந்தார் டாக்டர். அவளுடைய இடது கண்ணைப் பஞ்சு வைத்து மூடியிருந்தார்கள். வலது கண்ணுக்குத்தான் பரீட்சை.

“மறுபடி சொல்றேன்மா. பசை தப்பான பக்கம் போனா பக்கவாதம் வரலாம். இந்தக் கிளையிலேர்ந்து வலது கண்ணுக்கும் ரத்தம் போச்சுன்னா, அந்தக் கண்ணு போயிடும். அதனால முதல்ல மரத்துப்போற மருந்து விடறேன். கொஞ்ச நேரம்தான் வேலை செய்யும். அதுல பார்வை மங்கினா பசை கிடையாது.”

“பசை இல்லேன்னா ஆபரேஷனும் இல்லையா?” என்று கேட்டாள் ரேடியோ. “ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப்போட்டாச்சு. தலைவலி உயிரை வாங்குது. இன்னொரு தடவைன்னா என்னால தாங்க முடியாது, டாக்டர்.”

“முதல்ல இதைப் பார்ப்போம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, அது போதும்.”

மருந்து உள்ளே போனது.

“எத்தனை விரல்?”

“மூணு.”

அதற்கு மேல் ரேடியோவில் ஒரு வார்த்தை வரவில்லை. டாக்டர் நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார்.

“இப்போ?”

“நாலு. பாஸாயிட்டேனா?”

டாக்டர் பசை ஊசியைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். “இந்தக் கிளையை அடைக்கப் போறதில்லம்மா.”

“ஏன்? பளிச்சுனு தெரியுதே!”

“நாளைக்கு ஆபரேஷன் நிச்சயம் உண்டு. ஏத்தறதுக்கு ரத்தம் தயாரா வெச்சுக்கறோம், நான் பாத்துக்கறேன்.” டாக்டர் அவள் தோளைத் தட்டினார். “நீங்க நாலுன்னு சொன்னப்போ, நர்ஸ் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நின்னாங்க.”