புரட்டு

"அப்பா, புகை வருது பாருங்க! சீக்கிரம் புரட்டுங்க!" மகள் கத்தினாள்.

மேலாளரான அப்பா அவசரமாகக் கரண்டியைக் கொடுத்து நெம்பினார். பான்கேக்கில் பாதி தவாவிலும் பாதி அடுப்பின் மேலும் விழுந்தது. தவாவில் விழுந்த பாதியும் கரி.

"இதோட மூணு," என்று எண்ணினான் மகன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அந்த வீட்டில் பான்கேக்தான். மகளுக்குப் பல் முளைத்த வருஷம் தொடங்கிய வழக்கம். மாவு கரைப்பது மகள், முட்டை உடைப்பது மகன், மாவில் விழுந்த ஓட்டைப் பொறுக்குவது அம்மா. சுடுவது மட்டும் அப்பாவின் ஏகபோக உரிமை. பதினான்கு வருஷத்தில் ஒன்றுகூட வட்டமாக வந்ததில்லை. அதற்காக அவர் உரிமையை விட்டுக்கொடுத்ததும் இல்லை. இந்த நாலைந்து மாதமாக, இருந்த கொஞ்ச நஞ்சத் திறமையும் போய்விட்டது.

"ஃபைல் புரட்டுற கை. இவ்வளவுதான் வரும்," என்று சிரித்து மழுப்பினார்.

மகன் தட்டைத் தள்ளி வைத்தான். "அம்மா, ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பான்கேக் கடை இருக்கு. அங்க ஒரு மாஸ்டர் ரெண்டு கையில ரெண்டு தவாவைப் பிடிச்சு, ரெண்டையும் ஒரே நேரத்துல பறக்க விட்டுப் பிடிக்கிறாராம். என் கிளாஸ்ல பாதிப் பேர் பாத்துட்டாங்க. இன்னிக்குப் போலாமா?"

மேலாளர் கரண்டியோடு சட்டென்று திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை கடையிலயா? பதினாலு வருஷப் பழக்கம்டா இது!"

"கருகினதைத் தின்றதா?"

"அந்தக் கடையெல்லாம் சுத்தமே கிடையாது. நேத்து மிஞ்சின மாவை இன்னிக்கு ஊத்துவாங்க." சொல்லும்போதே அவருக்கு நாக்கு கூசியது.

"நீங்க பாத்தீங்களாப்பா?" என்றாள் மகள்.

"கேள்விப்பட்டேன்."

"அப்ப இன்னிக்கு நேர்லயே பாத்துடலாம், கிளம்புங்க!"

போட்ட பந்தை எல்லாம் பிள்ளைகள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பறக்க விடுவது வெறும் சர்க்கஸ் என்றார், காலை நேரத்தில் கூட்டம் நெரியும் என்றார், கடைசியில் முட்டி வலிக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. இரண்டும் உடை மாற்ற ஓடின.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் அத்தனை நேரமும் அடுப்பில் சிந்திய மாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயாவது சொல்லேன். அந்தக் கடைக்கு வேண்டாம். வேற எங்க வேணாலும் போலாம்."

"ஏன், ஒரு நாள் போனா என்ன ஆயிடும்?"

"இந்த வீட்டுல என் மரியாதை என்ன ஆகிறது? பிள்ளைங்க என்னை மதிப்பாங்களா?"

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "இன்னிக்கு வேண்டாம் பசங்களா! அந்த மாஸ்டருக்கு ஞாயித்துக்கிழமை லீவு!"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று அறைக்குள்ளிருந்து இரண்டு குரல்கள்.

அவள் கணவரை நெருங்கி வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வேலை போச்சுன்னா பொண்டாட்டிகிட்ட சொல்லக் கூடாதா? தினமும் ஆபீஸ் சட்டையில வெனிலா வாசனை. எவளோ ஒருத்தின்னு நினைச்சு ஒருநாள் உங்க பின்னாலேயே வந்தேன். அந்தக் கடைக் கண்ணாடிக்கு வெளியில அரை மணி நேரம் நின்னு அழுதுட்டுத் திரும்பினேன். சரி, பிள்ளைங்க வர்றதுக்குள்ள எனக்கு ஒண்ணே ஒண்ணு ஒழுங்காப் புரட்டிப் போடுங்க, மாஸ்டர்!"