திரை திரும்பி வந்தபோது

பார்சல் நிறுவனத்தின் கூடத்தில் கணினிகள் எல்லாம் காலையிலிருந்து ஹேங் ஆகிக் கிடக்கின்றன. வேலையோ பறக்கிறது. கைபேசிகள் ஓயாமல் சிணுங்க, கண்ணாடிக் கதவில் சிவப்பு மார்க்கரால் ஒவ்வொரு வண்டியின் எண்ணும் அது போகும் ஊரும் எழுதப்படுகின்றன. வெயில் அந்த எழுத்துகளின் நிழலைத் தரையெங்கும் இறைக்கிறது. "சாயங்காலம் போற வடக்கு லோடு மத்தியானமே கிளம்பியாச்சு!" என்று ஒருத்தி கத்த, கூடமே கைதட்டுகிறது. பழைய மென்பொருளை மாற்றவே கூடாது என்று நேற்றுவரை ஒற்றைக்காலில் நின்ற முதலாளியம்மா வாசலில் நின்று அந்தக் கதவை வரிவரியாகப் படிக்கிறாள். "அக்கா, சிஸ்டம் வந்துடுச்சு!" என்று துள்ளுகிறான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவள் தம்பி. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அக்கா கதவைத் தட்டிக் காட்டுகிறாள். "அதை அணைச்சுட்டு இங்க ஓடி வாடா. புது சாஃப்ட்வேர் எப்படி இருக்கணும்னு இந்தக் கதவுலயே எழுதியிருக்காங்க!"