ஆட்கள் 4

“சார், அந்தப் பிள்ள யாரும் சொல்லாமயே வாசல்ல இருக்க செம்புத் தகட்டத் தொட்டுட்டு உள்ள போகுது சார்.”

போர்மேன் மாரிசாமி சொன்னதைக் கேட்டதும் பொதுமேலாளர் ராஜபாண்டியன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

“எந்தப் பிள்ளலே?”

“நேத்து விருதுநகர் காலேஜ்ல இருந்து ட்ரெய்னிங்குக்கு வந்துச்சே, ஸ்ரீமதி. ரெண்டு வாரம் எல்லா டிபார்ட்மென்ட்டும் பாக்கணும்னு லெட்டர் கொண்டாந்துச்சே.”

பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் போகிற யாரும், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்க, அந்தத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ராஜபாண்டியன் வருடத்துக்கு நாலு மேடையிலாவது இதைப் பேசுவார். தொட்டதுதான் இல்லை. பாதுகாப்புக்காக அவர் வாங்கிய மூன்று கேடயங்கள் அலமாரியில் மின்னின. மூன்று விழாவுக்கும் பந்தல் செலவு அவருடைய கம்பெனியுடையதுதான்.

“அது மட்டுமில்ல சார். கால்ல கொலுசு இல்ல, தலையில கிளிப் இல்ல. போனைக் கேட்லயே குடுத்துட்டுது. உடுத்தியிருக்கது பூரா பருத்தி.”

“இங்க வந்த காலேஜ் பிள்ளைக ஒண்ணாவது பருத்தி உடுத்தி வந்திருக்காலே?”

“அதத்தான் சார் நானும் சொல்றேன்.”

ராஜபாண்டியன் எழுந்து ஜன்னல் வழியாக அறைகளைப் பார்த்தார். சீசன் நேரம். நாலு பேர் இருக்க வேண்டிய அறைகளில் ஏழு பேர், எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து வெடிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அறைச் சுவரிலும் ‘ஆட்கள் 4’ என்று பெயிண்ட்டில் எழுதியிருந்தது. அந்த எழுத்தை மறைத்து அட்டைப்பெட்டி அடுக்கச் சொன்னவர் அவர்தான். யாராவது ஆபீசர் வந்து தலையை எண்ணினால் லைசென்ஸ் போய்விடும். ஒரு பொறி விழுந்தால் என்ன போகும் என்பதை அவர் மேடையில் மட்டும் சொல்வார்.

அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“உக்காரும்மா. சாப்பிட்டியா? ஊரு எது?”

“தாயில்பட்டி சார்.”

“அப்பா?”

“இல்ல சார். அம்மாதான் வேலைக்குப் போறாக.”

“என்ன வேல?”

“நம்ம பட்டாசு லைன்தான் சார்.”

ராஜபாண்டியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இந்தக் கம்பெனிக்கு வந்திருக்காங்களா?”

“வந்திருக்காக சார். நீங்க கவனிச்சிருக்க மாட்டீக.”

அதுவரை நீயாக இருந்தவள் அந்த நிமிடமே நீங்க ஆனாள். “எந்த டிபார்ட்மென்ட் வேணுமோ தாராளமாப் பாருங்கம்மா. நானே கூட வர்றேன்.”

அவள் போனதும் மாரிசாமியை இழுத்துப் பிடித்தார். “அவுக அம்மா ஆபீசர்லே. ஆளு தெரியாம வந்து நோட்டம் பாத்துட்டுப் போயிருக்கு. இப்ப மகள அனுப்பியிருக்கு.”

“அப்பிடியும் இருக்குமோ சார்?”

“இருக்குமோ என்ன, அதேதான்.”

மறுநாள் ராஜபாண்டியன் பளபளக்கும் நைலான் சட்டையை விட்டுவிட்டுக் கதரில் வந்தார். செம்புத் தகட்டை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிடங்கு, கலவை, மருந்து செலுத்தும் அறைகள், சரம் பின்னும் இடம், பேக்கிங் என்று தினம் ஒன்றாகக் காட்டினார். அவர் எவ்வளவு பேசினாலும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“இங்கன எத்தன பேரு சார் இருக்கலாம்?”

“நாலும்மா.”

அவள் எண்ணுவாள். நோட்டில் எழுதுவாள். அடுத்த நாள் காலையில் அங்கே நாலு பேர்தான் இருப்பார்கள்.

மிச்ச ஆட்களை வீட்டுக்கு அனுப்பினால் ஆர்டர் முடியாது. அதனால் வேலைக்கென்றே கட்டி, லைசென்ஸும் வாங்கிவிட்டு, முதலாளியின் பழைய காரையும் கல்யாண அண்டாக்களையும் போட்டுப் பூட்டியிருந்த அறைகள் ஏழு வருடத்துக்குப் பிறகு திறந்தன. அட்டைப்பெட்டிகள் விலகி, சுவரிலிருந்த எழுத்து வெளியே வந்தது.

“பதினாலாம் நம்பர் ரூம்ல ஸ்ரீமதியம்மா ஒருத்தி கைய உத்துப் பாத்துக்கிட்டே நின்னாகளே, கவனிச்சியாலே?” என்றார் ராஜபாண்டியன்.

“ஆவுடைத்தாய் கையவா சார்?”

“எவளோ. பழைய தீக்காயம் ஒண்ணு கெடக்கு. அவ தலையே தூக்கல, இவுக நகரவே இல்ல. எளுதிட்டாகன்னு வையி, நம்ம சோலி முடிஞ்சுது. அந்த ரூமுக்கு மொதல்ல புது ரப்பர் விரிப்பு போடு. தண்ணித் தொட்டிய ரொப்பு.”

கடைசி நாள் சான்றிதழில் ‘மிகச் சிறப்பு’ என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அம்மாகிட்ட நம்ம கம்பெனியப் பத்தி நல்லபடியாச் சொல்லுங்க.”

“நான் சொல்ல வேண்டியதில்ல சார். அவுகளே பாத்துக்கிட்டுத்தான இருக்காக.”

ராஜபாண்டியன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “கார்ல கொண்டுபோயி விடச் சொல்றேன்.”

“வேணாம் சார். அம்மா வந்திருக்காக. அவுககூடயே போயிக்கிறேன்.”

கதர்ச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பையும் தயார் செய்துகொண்டு, அவர் அவளுக்குப் பின்னாலேயே வாசலுக்கு ஓடினார். ஜீப் எதையும் காணோம். வேலை முடிந்த ஆட்களை ஏற்றிப் போகும் வேன்தான் நின்றது. பக்கத்தில் மாரிசாமி ஒன்றும் தெரியாதவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேனில் ஏறப்போன ஆவுடைத்தாயின் தீக்காயம் பட்ட கையிலிருந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டே ஸ்ரீமதி கேட்டாள்:

“ஏம்மா, இன்னைக்கும் நாலு பேராத்தான இருந்தீக?”