முகூர்த்த நேரத்து அறிக்கை

கல் இருக்கிறதென்று பொய் சொல்லித் தில்லைநாயகியின் பித்தப்பையை அறுத்தெடுத்தவர் டாக்டர் குமரவேள். இப்படிப் பொய் சொல்லி அறுத்தவர், அதன் விளைவை ஆயுசுக்கும் தினமும் காதால் கேட்க வேண்டும் என்பது சட்டம். அவள் வீட்டுக் கழிப்பறை தினமும் குடலில் வடியும் பித்தத்தை அளந்து, அவருடைய கைக்கடிகாரத்தில் உரக்கச் சொல்லும். அவர் "கேட்டேன்" என்னும்வரை ஓயாது. பதினோரு வருஷமாக, அவர் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும் நேரம் பார்த்துத்தான் அவள் போய் உட்காருவாள்.

இன்று அவரே கூப்பிட்டார். "அம்மா, ஒன்பது மணிக்கு என் பொண்ணுக்கு முகூர்த்தம். இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்கம்மா."

"பித்தம் எனக்கு ஒரு நாளாவது லீவு விட்டுச்சா டாக்டர்?"

சரியாக ஒன்பதுக்கு உட்கார்ந்தாள். கழிப்பறையில் என்றும் பச்சையாக எரியும் விளக்கு சிவந்தது.

"பெருங்குடலில் புற்றுநோய்" என்றது கழிப்பறை.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மேளச் சத்தத்துல அவருக்குக் கேட்டிருக்காது. இன்னும் சத்தமாச் சொல்லு."