இமைக்காமல்

வியன்னாவின் ஓவியக்கூடம் ஒன்றில் நடப்பதும் பார்ப்பதும்தான் கனியமுதாவின் வேலை. அவள் கண்ணில் பொருத்திய கேமரா வழியே, உலகெங்கும் பலர் தங்கள் வீட்டிலிருந்தபடி ஓவியங்களைப் பார்ப்பார்கள். தாங்களே நேரில் நிற்பதாக அவர்கள் உணர வேண்டும். அதனால் ஒப்பந்தம் முடியும்வரை அவள் தன் முகத்தை யாருக்கும் காட்டக் கூடாது. கணவனுக்கும்தான்.

அன்று கோவில்பட்டியிலிருந்து அவள் கணவன் பொன்னுலிங்கமும் டிக்கெட் எடுத்திருந்தான். இளவரசிகளும் பழத்தட்டுகளும் புயலில் சிக்கிய கப்பல்களும் கடந்து போயின. அவன் மனம் எதிலும் நிற்கவில்லை. பிறகு, கண்ணாடி போட்ட ஓர் இருண்ட ஓவியத்தின் முன் அவள் நின்றாள். படத்தின் கருப்பில் அவள் முகம் மங்கலாக விழுந்தது.

"மேடம், இன்னும் கொஞ்சம் கிட்டக்கப் போங்க."

காதுக்கருவியில் வந்த அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்தது. நெருங்கிப் போனாள். முகம் தெளிந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அடுத்த படத்துக்குப் போலாமே" என்றார் வேறு யாரோ.

"கொஞ்சம் பொறுங்க சார். இத அவசரமாப் பாக்க முடியாது."

நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, அவன் பார்த்து முடிக்கட்டும் என்று கனியமுதா இமைக்காமல் நின்றாள்.