வேறொருவர் பெயர்

'அனுப்பு' என்பதை அழுத்திய பிறகுதான் அது அவள் கண்ணில் பட்டது.

முனைவர் பட்ட ஆய்வுக்குத் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு பேராசிரியருக்கு எழுதிய மெயில். முதல் வரியில் இருந்ததோ வேறொரு பேராசிரியரின் பெயர்!

இரண்டு பேருக்கு எழுதியிருந்தாள். ஒன்றை வைத்து இன்னொன்றை அடித்ததில் வந்த வினை.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"என்னாச்சு? பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த கணவன் தலையைத் தூக்கினான். தையற்காரன்.

சொன்னாள்.

"இவ்வளவுதானா? தையல் தப்பினா பிரிச்சுத் தைக்கிறதில்லையா? இன்னொண்ணு எழுதி அனுப்பு."

"மாப்பிள்ளை பேரை மாத்திப் போட்ட பத்திரிகையை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தாச்சுங்க. இனிமே எதைப் பிரிச்சு எதைத் தைக்கிறது?"

மண் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருஷமாக வேலை. நல்ல நிலம் ஏன் உப்பாகிப் போகிறது என்று அவள் எழுதிவைத்த குறிப்புகளே நாலு நோட்டு. அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் அந்தப் பேராசிரியர் ஒருவர்தான். அவரோ இந்த வருஷம் ஒரே ஒருவரைத்தான் எடுக்கப் போகிறார். ஓய்வு பெறுமுன் அவர் எடுக்கும் கடைசி ஆள் அது.

அன்று வேலை ஓடவில்லை. மண்ணை எடை போட்டாள், எழுத மறந்தாள், மறுபடி எடை போட்டாள். மன்னிப்புக் கேட்டு எழுதினால், கவனிக்காதவர்கூடக் கவனித்துவிடுவாரோ? எழுதாவிட்டால் திமிர் என்று நினைப்பாரோ? நாலு முறை அடித்து, நாலு முறையும் அழித்தாள். போன் அதிரும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது.

மூன்றாம் நாள் வந்தேவிட்டது.

"பேராசிரியர் ஆபீஸ்லேருந்து பேசறேன்." பெண் குரல். அரத்தால் ராவியதுபோல் இருந்தது. "உப்பு மண்ணைப் பத்தி எழுதினது நீங்கதானே?"

"ஆ... ஆமாங்க மேடம்."

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்க்கிற பழக்கம் உண்டா?"

"மேடம், அது கை தவறி..."

"ஆறு வருஷ அனுபவம்னு வேற போட்டிருக்கீங்க. மண் ரிப்போர்ட்டையும் இப்படித்தான் ஆள் மாத்தி ஆளுக்குக் கொடுப்பீங்களா?"

கண்ணில் நீர் முட்டியது. "மன்னிச்சிடுங்க மேடம். நானே சாருக்கு எழுதி..."

"மன்னிப்பு கின்னிப்புன்னு ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. அஞ்சு மணிக்குள்ள சரியா எழுதிப் புதுசா அனுப்புங்க. மூணாவது பாராவுல ரெண்டு எழுத்துப் பிழை. அதையும் பாருங்க."

போன் வைக்கப்பட்டது.

கேட்டதும் கணவன் குதித்தான். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க! ஒரு கிளார்க்குக்கு இவ்வளவு வாயா?"

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அந்த ஆபீஸே தன் கடிதத்தைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்திருக்கும் என்று தோன்றியது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, நாலரைக்கு அனுப்பினாள்.

பத்து நாள் கழித்து நேரில் வரச் சொன்னார்கள்.

பேராசிரியர் அறை வாசலில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி தட்டச்சு செய்துகொண்டிருந்தார். "உள்ளே போங்க," என்றார், நிமிராமலே. அதே அரம்.

உள்ளே பேராசிரியர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். அவளுடைய கடிதம்.

"நான் கம்ப்யூட்டர்ல எதையும் பார்க்கிறதில்ல. வெளியே அச்செடுத்துக் கொடுக்கிறதைத்தான் படிப்பேன். இந்த வருஷம் இருநூறு கடிதம். என் பேரைக்கூட ஒழுங்காப் போடாதவங்க எத்தனை பேர் தெரியுமா? முதல் வரியிலேயே கிழிச்சுக் குப்பையில போட்டுடுவேன். அதுக்கு மேல ஒரு எழுத்து படிக்க மாட்டேன்."

அவள் அந்தத் தாளின் முதல் வரியைப் பார்த்தாள். அவர் பெயர்தான் இருந்தது.

"உங்களோடதுல ஒரு புள்ளிகூடத் தப்பில்ல. அதனாலதான் முழுசாப் படிச்சேன். விஷயமும் இருக்கு. அடுத்த மாசம் சேர்ந்துடுங்க."

"சார், அது வந்து..." என்று வாயெடுத்தாள். கதவுக் கண்ணாடி வழியே அந்தப் பெண்மணி முதன்முறையாக நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் போவது தன் இடம் மட்டுமல்ல.

"ரொம்ப நன்றி சார்," என்றாள்.

வெளியே வந்து அந்த மேசை முன்னால் நின்றாள்.

"என் முதல் மெயிலை நீங்க அவருக்குக் காட்டவே இல்லையா மேடம்? நான் யாருன்னே உங்களுக்குத் தெரியாதே!"

பெண்மணி தட்டச்சிலிருந்து கையை எடுத்தார்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி நானும் அவர்கிட்ட ஆராய்ச்சி பண்ணணும்னு எழுதினேம்மா, ஒரே ஒரு தப்போட. அன்னிக்கு இந்த நாற்காலியில இருந்தவங்க அதை அப்படியே உள்ளே கொண்டுபோய் வெச்சுட்டாங்க."